ஃபெராரி 250: ஒரு இன்ஜினும் அதன் குடும்பமும்

ஃபெராரி 250 என்று இணையத்தில் தேடினால் முதலில் நீள மூக்கும் வளைந்த முதுகுமாக ஒரு இரண்டு இருக்கை கார் வரும். அடுத்த படத்தில் கூரையே இல்லாத ஒன்று நிற்கும். அதற்கடுத்து நான்கு பேர் உட்காரும் சாதுவான குடும்பக் கார், பிறகு கதவில் வெள்ளை வட்டமும் நம்பரும் ஒட்டிய ரேஸ் கார். இன்னும் கீழே போனால் இன்ஜினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்த தாழ்வான வண்டி ஒன்று. எல்லாவற்றின் பெயரிலும் 250 இருக்கிறது, முகச்சாயல் மட்டும் ஒத்துப்போகவில்லை. கூடவே ஜிடி, ஜிடிஇ, ஜிடிஓ, எஸ்டபிள்யூபி, எல்எம் என்று எழுத்துகள். புதிதாகக் கார் வரலாறு படிக்க வருகிறவர் இந்த இடத்திலேயே மூடிவைத்துவிட்டுப் போய்விடுவார்.

போக வேண்டியதில்லை. 250 என்பது ஒரு காரின் பெயர் அல்ல, ஒரு இன்ஜினின் எண். 1952இலிருந்து 1964 வரை இத்தாலியின் மரனெல்லோ ஊரில் அந்த ஒரே இன்ஜினை வைத்துக்கொண்டு குடும்பக் காரும் செய்தார்கள், பிரான்சின் 24 மணி நேர லெ மான் பந்தயத்தை வென்ற காரும் செய்தார்கள். இன்ஜினிலிருந்து தொடங்கினால் மீதி எல்லாம் வரிசையில் வந்து நிற்கும்.

அந்த எண்

1200 சிசி கார், 350 சிசி பைக் என்று நாம் சொல்லும்போது எல்லா சிலிண்டர்களையும் கூட்டிச் சொல்கிறோம். அந்தக் கால ஃபெராரி ஒரேயொரு சிலிண்டரின் கொள்ளளவைப் பெயராக வைத்தது. 250 இன்ஜினில் சிலிண்டரின் உள்விட்டம் 73 மி.மீ. பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்கும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 58.8 மி.மீ. கணக்குப் போட்டால் ஒரு சிலிண்டருக்கு 246 சிசி வரும். அதைத்தான் 250 என்று முழுதாக்கிச் சொன்னார்கள். பன்னிரண்டு சிலிண்டருக்கு மொத்தம் 2953 சிசி. பேச்சுவழக்கில் மூன்று லிட்டர்.

இதை வரைந்தவர் ஜோவாக்கினோ கொலம்போ. ஆல்ஃபா ரோமியோவின் புகழ்பெற்ற 158 ரேஸ் கார் அவர் கைவண்ணம். என்ஸோ ஃபெராரி சொந்தப் பெயரில் கார் செய்யத் துணிந்தபோது அவரைத்தான் கூப்பிட்டார். 1947இல் வெளிவந்த முதல் ஃபெராரியான 125 எஸ் வெறும் 1.5 லிட்டர் கார். ஆனால் அந்த ஒன்றரை லிட்டரையும் பன்னிரண்டு சிலிண்டர்களுக்குப் பங்கிட்டிருந்தார்கள். ஒரு சிலிண்டருக்கு 125 சிசி கூட முழுதாக இல்லை. போர் முடிந்து பெட்ரோலுக்கும் இரும்புக்கும் பஞ்சமாக இருந்த நாட்டில் இப்படி ஓர் இன்ஜின் செய்வது அப்பட்டமான ஆடம்பரம்.

ஆனால் அதன் பின்னால் கணக்கு இருந்தது. அடுத்து வந்த 166 காரில் உள்விட்டம் 60 மி.மீ., ஸ்ட்ரோக் 58.8. பிறகு உள்விட்டத்தை 65 ஆக்கினார்கள், 195 வந்தது. 68 ஆக்கினார்கள், 212 வந்தது. 70க்கு 225, 73க்கு 250, கடைசியில் 77க்கு 275. இத்தனையிலும் ஸ்ட்ரோக் அதே 58.8 தான். சிலிண்டர்களுக்கு நடுவே கொலம்போ விட்டுவைத்த இடத்தை அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து தின்றிருக்கிறார்கள். இன்ஜினைப் புதிதாக வரைய வேண்டிய செலவு அவ்வளவும் மிச்சம்.

உள்விட்டம் அகலம், ஸ்ட்ரோக் குட்டை என்பதற்கும் காரணம் உண்டு. நிமிடத்துக்கு 7000 சுற்று சுழலும்போது 250 இன்ஜினின் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 13.7 மீட்டர் வேகத்தில் ஏறி இறங்குகிறது. அதே காலத்து ஜாகுவாரின் 3.4 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜினில் ஸ்ட்ரோக் 106 மி.மீ. அதை 7000க்குச் சுழற்றினால் பிஸ்டன் நொடிக்கு 24.7 மீட்டர் பறக்க வேண்டும். அந்தக் காலத்து கனெக்டிங் ராடு அதை நெடுநேரம் தாங்காது. அதனால் ஜாகுவார் குறைந்த சுற்றில் இழுவையை நம்பியது, ஃபெராரி அதிகச் சுற்றில் சக்தியைத் தேடியது. இரண்டுமே நல்ல கார்கள்தான். ஆனால் ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்தக் குரல் ஏறிக்கொண்டே போகும் அந்த ஃபெராரி சத்தம் இந்தக் குட்டை ஸ்ட்ரோக்கும் பன்னிரண்டு சிலிண்டரும் சேர்ந்து கொடுத்தது.

அதிர்வு குறைவு என்பது இன்னொரு லாபம். ஆறு சிலிண்டர்களை நேர்வரிசையில் வைத்தால் ஏறும் பிஸ்டன்களின் உதறலும் இறங்கும் பிஸ்டன்களின் உதறலும் ஒன்றையொன்று அடித்துவிடும். கொலம்போவின் வி12 அப்படிப்பட்ட இரண்டு வரிசைகளை 60 டிகிரி கோணத்தில் சேர்த்தது. நாள் முழுக்க ஓட்டினாலும் உடம்பு நடுங்காது. ரேஸ் காருக்கு இது பெரிதில்லை. நெடும்பயணத்துக்கு இதுதான் உயிர்.

பன்னிரண்டு சிலிண்டருக்கும் பன்னிரண்டு பிஸ்டன், இருபத்து நான்கு வால்வு, இரட்டைத் தொண்டை வெபர் கார்புரேட்டர் மூன்று. பந்தய வண்டிகளில் ஆறு. அத்தனை தொண்டையும் ஒரே அளவில் மூச்சிழுக்கும்படி ட்யூன் செய்ய நல்ல காதுள்ள மெக்கானிக் வேண்டும். வாங்குகிற பணத்தோடு வைத்துக்கொள்கிற பணமும் உள்ளவர்களுக்கான கார் இது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஜிடி என்றால்?

கிரான் டூரிஸ்மோ. நெடும்பயணம். இன்று சின்ன ஹேட்ச்பேக்கிலும் பைக்கிலும்கூட ஜிடி என்று ஒட்டிவிடுகிறார்கள். ஐம்பதுகளின் இத்தாலியில் அதற்குத் திட்டமான அர்த்தம் இருந்தது. இரண்டு பேர், இரண்டு பெட்டி, மேலே நிரந்தரக் கூரை. ஓரிடத்தில் கிளம்பி அறுநூறு எழுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊரை அன்று மாலைக்குள் பிடித்துவிட வேண்டும். வழியில் மலைப்பாதை வந்தால் அங்கேயும் ரேஸ் கார் போலத் திரும்ப வேண்டும். ஸ்போர்ட்ஸ் காரில் வேகம் இருக்கும், மழை வந்தால் நனைய வேண்டும். ஆடம்பரக் காரில் சொகுசு இருக்கும், வளைவில் படகு மாதிரி சாயும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசத்தைத் தேடியதுதான் ஜிடி. சமரசம் என்பதால் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்வது என்ற கேள்வி எப்போதும் இருக்கும். 250 வரிசையின் அத்தனை மாடல்களும் அந்தக் கேள்விக்கு வேறுவேறு பதில்கள்.

இந்த வகைக்கு வழிகாட்டி ஃபெராரி அல்ல, லான்சியா. 1951இல் வந்த லான்சியா ஆரெலியா பி20 இரண்டு லிட்டர் வி6 இன்ஜினும் மூடிய கூரையும் கொண்ட சின்ன கூப்பே. அந்த ஆண்டு மில்லே மில்யா பந்தயத்தில் ஜொவான்னி பிராக்கோ அதை ஓட்டி மொத்தத்தில் இரண்டாம் இடம் வந்தார். மில்லே மில்யா என்பது பிரெஷியாவில் கிளம்பி ரோம் போய்த் திரும்பி பிரெஷியாவுக்கே வருகிற ஆயிரம் மைல் ஓட்டம், ஏறத்தாழ 1600 கி.மீ. ஓடுவது பந்தயத் தடத்தில் அல்ல, சாதாரண ஊர்ச் சாலைகளில். அங்கே கடைக்குப் போகிற மாதிரியான ஒரு காரில் இரண்டாம் இடம் என்றால் எல்லார் கண்ணும் விரியாமல் இருக்குமா?

அடுத்த ஆண்டு, 1952இல், அதே பிராக்கோ ஃபெராரியின் புது இன்ஜின் பூட்டிய 250 எஸ் என்ற ஒற்றைக் காரில் வந்தார். எதிரே மெர்சிடஸ் தன் 300 எஸ்எல் கார்களோடு முழுப் படையாக இறங்கியிருந்தது. புளோரன்ஸிலிருந்து பொலோன்யா போகும் அப்பென்னைன் மலைச் சாலையில் பிராக்கோ முன்னேறி, கார்ல் கிளிங் ஓட்டிய மெர்சிடஸைப் பின்னுக்குத் தள்ளி வென்றார். 250 என்ற எண் உலகத்துக்கு அறிமுகமானது அப்படித்தான். அந்தக் காருக்கும் மூடிய கூரை இருந்தது.

இந்த மாதிரிப் பந்தயங்கள்தான் ஜிடி கார்களை வளர்த்தன. பிரான்சில் டூர் டி பிரான்ஸ் என்ற பெயரில் கார்களுக்கும் ஒரு பந்தயம் நடந்தது. பல நாள் ஓட்டம். தடப் பந்தயம், மலையேற்றம் இரண்டும் நடுவில் வரும், ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு அதே காரைச் சாலையில் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். 1956இல் ஸ்பெயின் பிரபுவான அல்ஃபோன்ஸோ டி போர்த்தாகோ 250 ஜிடியில் அதை வென்றார். அதிலிருந்து 1964 வரை ஒன்பது பந்தயங்களிலும் ஏதாவது ஒரு 250 தான் முதலில் வந்தது. வேறெந்தச் சாதனையைவிடவும் இதுதான் இந்த வரிசையைச் சரியாகச் சொல்கிறது என்பேன்.

எலும்புக்கூடு மரனெல்லோவில், தோல் வேறிடத்தில்

இன்று கார் என்றால் ஒரு முனையில் இரும்புத் தகடு போய் மறுமுனையில் வண்டியாக வருகிற தொழிற்சாலை நினைவுக்கு வரும். மரனெல்லோவில் அப்படி இல்லை. அவர்கள் செய்தது இன்ஜினும், இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த சேசிஸும், கியர்பாக்ஸும், சக்கரம் தாங்கும் பாகங்களும். மேலே போர்த்துகிற பாடியைச் செய்ய வேறு பட்டறைகள் இருந்தன. அதனால்தான் ஒரே இன்ஜினுக்கு இத்தனை முகங்கள்.

அந்தப் பட்டறைக்காரர்களில் பெரியவர் டூரினில் இருந்த பத்திஸ்தா ஃபரினா. சின்னவன் என்ற பொருளில் பினின் என்று செல்லப்பெயர். 1951இல் அவரும் என்ஸோவும் சேர்ந்து வேலை செய்யலாம் என்று பேச்சு வந்தது. மரனெல்லோவுக்கு அவர் வருவதாக இல்லை, டூரினுக்கு இவர் போவதாக இல்லை. பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் நடக்கிற அதே 'முதலில் யார் படியேறுவது' கௌரவப் பிரச்சினை. கடைசியில் இரண்டு ஊருக்கும் நடுவே தொர்த்தோனா என்ற ஊரின் உணவகத்தில் சந்தித்துப் பேசி முடித்தார்கள். அந்த உறவு அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

சாலைக் கார்களின் வடிவம் பெரும்பாலும் டூரினில் பிறந்தது. பந்தயத்துக்கான அலுமினிய உடல்களை மோடெனாவில் செர்ஜியோ ஸ்காலியெட்டியின் ஆட்கள் மணல் மூட்டைமேல் தகட்டை வைத்துச் சுத்தியலால் அடித்து வளைத்தார்கள். பக்காவான வரைபடம் கிடையாது, கண்ணளவுதான். அதனால் ஒரே மாடலில் இரண்டு காரை அருகருகே நிறுத்தினால் அளவு கொஞ்சம் மாறும். பழைய கார் ஆர்வலர்கள் இதைக் குறையாகச் சொல்வதே இல்லை.

அடியில் இருந்த பொறியியல் அவ்வளவு முன்னேறியதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பின்சக்கரங்களுக்கு லாரியில் இருப்பதுபோல ஒரே இருசும் லீஃப் ஸ்பிரிங்கும். பிரேக்கும் பத்தாண்டின் கடைசி வரை டிரம் பிரேக்தான். ஜாகுவார் 1953இலேயே டிஸ்க் பிரேக்கோடு லெ மானில் ஜெயித்திருந்தது. என்ஸோ இன்ஜினை நம்பியவர். மற்றவற்றில் புதுமை என்றால் மெதுவாகத்தான் அசைந்துகொடுப்பார்.

குடும்பத்தில் யார் யார்

1953இல் வந்த முதல் சாலைக் கார் 250 யூரோப்பா ஒரு விதிவிலக்கு. அதில் இருந்தது கொலம்போ இன்ஜின் அல்ல, அவுரேலியோ லாம்ப்ரெடி செய்த வேறொரு வி12. 68க்கு 68 மி.மீ. என்ற சதுர அளவு. அடுத்த ஆண்டே யூரோப்பா ஜிடி என்று கொலம்போ இன்ஜினுக்குத் திரும்பிவிட்டார்கள். 250 ஜிடி குடும்பத்தின் உண்மையான தொடக்கம் இதுதான்.

அங்கிருந்து இரண்டு கிளை பிரிகிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கவனித்தால் குழப்பம் தீரும். 2600 மி.மீ. என்றால் நீள வண்டி, 2400 மி.மீ. என்றால் குட்டை வண்டி. நீளமானது நேர்சாலையில் நிலையாகப் போகும், குட்டையானது வளைவில் சட்டென்று திரும்பும். எஸ்டபிள்யூபி என்ற எழுத்துகள் சொல்வது இந்தக் குட்டையைத்தான்.

பந்தயக் கிளையில் முதலில் 'டூர் டி பிரான்ஸ்' என்று பட்டப்பெயர் பெற்ற நீள பெர்லினெட்டா. பெர்லினெட்டா என்றால் மூடிய இரண்டு இருக்கைக் கார். 1957 மில்லே மில்யாவில் ஒலிவியே ஜாந்தபியன் இதை ஓட்டி, முழு ரேஸ் கார்களுக்கு நடுவே மொத்தத்தில் மூன்றாவதாக வந்தார். அதே பந்தயத்தில் பெரிய ஃபெராரி ரேஸ் காரில் வந்த டி போர்த்தாகோ டயர் வெடித்துக் கூட்டத்துக்குள் புகுந்தார். அவரும் உடன் வந்தவரும் வேடிக்கை பார்த்த ஒன்பது பேரும் இறந்தார்கள். மில்லே மில்யாவின் வேகப் பந்தயம் அத்தோடு முடிந்தது.

1959 பாரிஸ் கண்காட்சியில் 2400 மி.மீ. குட்டை பெர்லினெட்டா வந்தது. டிஸ்க் பிரேக்கும் ஒருவழியாக வந்து சேர்ந்தது. சாலைக்கு வேண்டுமென்றால் இரும்பு உடல், பந்தயத்துக்கு வேண்டுமென்றால் அலுமினிய உடல். 1960இல் இங்கிலாந்தின் குட்வுட் தடத்தில் ஸ்டெர்லிங் மாஸ் இதை ஓட்டி டூரிஸ்ட் டிராஃபியை வென்றார். அந்தக் காரில் ரேடியோ இருந்தது. முன்னணியில் போய்க்கொண்டே அந்தப் பந்தயத்தின் நேர்முக வர்ணனையை அதில் கேட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். ஜிடிக்கு இலக்கணம் கேட்டால் இந்த ஒரு காட்சியைக் காட்டிவிடலாம். அடுத்த ஆண்டும் அதே பந்தயத்தை இன்னொரு குட்டை பெர்லினெட்டாவில் வென்றார்.

சாலைக் கிளையில் 1958இன் பினின் ஃபரினா கூப்பே: அடக்கமான, கோடுகள் நேராக ஓடும் கார், சுமார் 350 செய்தார்கள். என் கண்ணுக்குக் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கிறது. ஆனால் ஃபெராரி ஒரே மாதிரியான கார்களைத் தொடர்ச்சியாகச் செய்யக் கற்றுக்கொண்டது இதில்தான். அமெரிக்க விற்பனையாளர்கள் கேட்டதற்காகக் கூரையில்லாத கலிஃபோர்னியா ஸ்பைடர் வந்தது. நீளமும் குட்டையுமாக நூற்றுச் சொச்சம். 1962இல் வந்த லூஸோ கடைசிப் பேரழகி. மெல்லிய தூண்கள், வெட்டிவிட்ட மாதிரி முடியும் வால், டாஷ்போர்டின் நடுவில் இரண்டு பெரிய மீட்டர்கள். நடிகர் ஸ்டீவ் மெக்வீன் ஒன்று வைத்திருந்தார். வேகத்தைப் பார்க்க ஓட்டுநர் தலையைத் திருப்ப வேண்டியிருந்ததே என்று குறை சொல்பவர்கள் உண்டு. பக்கத்தில் உட்காருபவருக்கு அது வசதிதான்.

டெஸ்டா ரோஸா இந்தக் குடும்பத்தில் சேருமா? இன்ஜின் சேரும். இன்ஜின் மேலிருக்கும் கேம் ஷாஃப்ட் மூடிகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசியதால் 'சிவப்புத் தலை' என்று பொருள்படும் அந்தப் பெயர். 1958, 1960, 1961 மூன்று முறை லெ மானை வென்றது. ஆனால் அது திறந்த ரேஸ் கார், ஜிடி அல்ல. ஃபெராரியே இந்த வித்தியாசத்தைச் சேசிஸ் எண்ணில் காட்டியது: பந்தயக் கார்களுக்கு இரட்டைப்படை, சாலைக் கார்களுக்கு ஒற்றைப்படை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்ததற்கு வேண்டும்.

நூறு கார் விதியும் ஜிடிஓவும்

1962 முதல் தயாரிப்பாளர்களுக்கான உலகப் பட்டம் ஜிடி கார்களுக்கே என்று சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பான எஃப்ஐஏ அறிவித்தது. ஜிடி என்று அங்கீகாரம் பெறப் பன்னிரண்டு மாதத்தில் குறைந்தது நூறு கார் செய்திருக்க வேண்டும். யாராவது ஒரு ரேஸ் காருக்குக் கூரையைப் போட்டுவிட்டு இதுவும் சாலைக் கார்தான் என்று சொல்லிவிடக் கூடாதே என்பதற்கான வேலி அது.

ஃபெராரி வேலியில் இருந்த ஓட்டையைப் பார்த்தது. ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற காரை மேம்படுத்தலாம், அதற்குப் புதிதாக நூறு செய்ய வேண்டாம். பொறியாளர் ஜொத்தோ பிட்ஸாரினி குட்டை பெர்லினெட்டாவை எடுத்து, டெஸ்டா ரோஸாவின் ஆறு கார்புரேட்டர் இன்ஜினைக் கீழே இறக்கியும் பின்னே தள்ளியும் வைத்து, மூக்கைத் தாழ்த்தி, ஐந்து கியர் கொடுத்து ஒரு புது வண்டியையே செய்தார். சக்தி சுமார் 300 குதிரைத்திறன். ஆவணத்தில் மட்டும் அது பழைய 250 ஜிடியின் திருத்திய வடிவம். பெயரிலேயே 'அங்கீகரிக்கப்பட்டது' என்று பொருள்படும் ஒமொலொகாத்தோ சேர்ந்தது: ஜிடிஓ. நூறு செய்ய வேண்டிய இடத்தில் மூன்று லிட்டர் இன்ஜினோடு 36 தான் செய்தார்கள். அத்தனைக்கும் சேசிஸ் எண் ஒற்றைப்படை! சாலைக் கார் என்றல்லவா சொல்லியிருக்கிறார்கள்.

வேலை முடியும் முன்பே, 1961 கடைசியில், பிட்ஸாரினி உட்பட ஃபெராரியின் முக்கியமான ஆட்கள் பலர் என்ஸோவோடு மோதிக்கொண்டு வெளியேறினார்கள். இருபத்தாறு வயது மௌரோ ஃபோர்கியெரி பொறுப்பேற்று ஜிடிஓவை முடித்தார். பிட்ஸாரினி சும்மா இருக்கவில்லை. டிராக்டர் செய்து பணக்காரரான ஃபெருச்சோ லம்போர்கினி, பல 250 ஜிடிகளை வைத்திருந்தவர், சொந்தமாக ஒரு ஜிடி செய்ய ஆசைப்பட்டபோது அதற்கான வி12 இன்ஜினை வரைந்து கொடுத்தது இவர்தான். லம்போர்கினி என்ற நிறுவனத்தின் தொடக்கத்தில் ஃபெராரி விட்டெறிந்த மூளை இருக்கிறது.

ஜிடிஓ 1962, 1963, 1964 மூன்று ஆண்டும் ஜிடி பட்டத்தை ஃபெராரிக்கு வாங்கிக் கொடுத்தது. லெ மானில் 1962இலும் 1963இலும் மொத்தத்தில் இரண்டாம் இடம். 2018இல் ஒரு ஜிடிஓ ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது.

ஒருமுறை பலித்த தந்திரத்தை என்ஸோ மறுபடியும் முயன்றார். இன்ஜினை நடுவில் வைத்த 250 எல்எம் காரை 1963இல் காட்டி, இதுவும் 250 ஜிடியின் வளர்ச்சிதான் என்றார். முதல் வண்டிக்குப் பிறகு அதில் இருந்தது 3.3 லிட்டர் இன்ஜின். ஃபெராரியின் சொந்தக் கணக்குப்படியே 275 என்று பெயர் வைத்திருக்க வேண்டும். 250 என்று வைத்தது அங்கீகாரத்துக்காக. இந்தத் தடவை எஃப்ஐஏ ஒத்துக்கொள்ளவில்லை. இத்தாலிய மோட்டார் சங்கமும் தனக்குத் துணை நிற்கவில்லை என்று கோபப்பட்ட என்ஸோ, 1964 அமெரிக்க கிராண்ட் பிரீயில் தன் ஃபார்முலா 1 கார்களை இத்தாலியின் சிவப்பில் அல்லாமல் வெள்ளையிலும் நீலத்திலும் ஓடவிட்டார். ஜான் சர்டீஸ் அந்த ஆண்டு உலகப் பட்டம் வென்றதும் அந்த நிறங்களில்தான். ஜிடி என்று ஏற்கப்படாத 250 எல்எம், 1965இல் மாஸ்டன் கிரெகரியும் யோகென் ரிண்டும் ஓட்ட, லெ மானை வென்றது.

நான்கு இருக்கைக் கார்

இவ்வளவு புகழையும் ஜிடிஓவும் எல்எம்மும் எடுத்துக்கொண்டன. ஆனால் கிரான் டூரிஸ்மோ என்ற எண்ணத்துக்கு மிக நேர்மையான பதில் எது என்று கேட்டால் நான் காட்டுவது 250 ஜிடிஇ. 1960 லெ மான் பந்தயத்தில் அதிகாரிகளின் வண்டியாகத் தலைகாட்டி, அந்த இலையுதிர்காலத்தில் பாரிஸ் கண்காட்சியில் விற்பனைக்கு வந்தது. ஃபெராரி தொடர்ச்சியாகச் செய்த முதல் நான்கு இருக்கைக் கார். அதே 2600 மி.மீ. சேசிஸ்தான். இன்ஜினை 20 செ.மீ. முன்னே தள்ளிப் பின்னால் இரண்டு பேருக்கு இடம் உண்டாக்கினார்கள். 240 குதிரைத்திறன், நெடுஞ்சாலையில் சுற்றைக் குறைக்க ஓவர்டிரைவ், ஓரளவு பெரிய டிக்கி. மிலானிலிருந்து நேப்பிள்ஸ் வரை ஆட்டோஸ்ட்ராடா டெல் சோலே என்ற புது நெடுஞ்சாலை அப்போதுதான் துண்டு துண்டாகத் திறந்துகொண்டிருந்தது; 1964இல் முழுமையானது. பிள்ளைகளையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு அந்தச் சாலையில் மணிக்கு 200க்கு மேல் போக ஒரு கார் வேண்டியிருந்தது.

மூன்று ஆண்டுகளில் சுமார் 950 ஜிடிஇ விற்றது. அதற்கு முன் எந்த ஃபெராரி மாடலும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. என்ஸோ சாலைக் கார் விற்றதே பந்தயச் செலவுக்காகத்தான். அப்படிப் பார்த்தால் ஜிடிஓ ஓடிய பெட்ரோலுக்கு ஜிடிஇ வாங்கிய டாக்டர்களும் ஆலை முதலாளிகளும் பணம் கட்டினார்கள்.

ரோம் நகர போலீஸுக்கும் 1962இல் கறுப்பு ஜிடிஇ கிடைத்தது. வேகக் கார்களில் தப்பிக்கிற திருடர்களைத் துரத்த. அதை ஓட்டிய அர்மாந்தோ ஸ்பத்தாஃபோராவைப் பற்றி ரோமில் ஏராளமான கதைகள் உலவுகின்றன. எவ்வளவு உண்மை, எவ்வளவு ஜோடனை என்று பிரிப்பது கஷ்டம்.

1964இல் 275 ஜிடிபி வந்து 250 வரிசையின் இடத்தைப் பிடித்தது. உள்விட்டம் 77, ஸ்ட்ரோக் அதே 58.8. ஆனால் கியர்பாக்ஸ் பின்னால் போனது, பின்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் வந்தது. பழைய லீஃப் ஸ்பிரிங் கார்கள் ஒரே நாளில் கிழடாகிவிட்டன. எழுபதுகளில் ஜிடிஇ வெறும் பழைய கார், மலிவாகக் கிடைத்தது. பிறகு ஜிடிஓவின் விலை ஏற ஆரம்பித்ததும் ஜிடிஇக்கு வேறுவிதமான ஆபத்து வந்தது: உள்ளே இருப்பது அதே கொலம்போ இன்ஜின் என்பதால், சேசிஸைக் குட்டையாக வெட்டி மேலே ஜிடிஓ போலவே ஓர் உடலைப் போர்த்திவிட்டார்கள். இன்ஜினை மட்டும் கழற்றிக்கொண்டு மீதியைக் குப்பையில் போட்டவர்களும் உண்டு. இப்படி அழிந்தவை ஏராளம். இப்போது நல்ல ஜிடிஇயை யாரும் வெட்டுவதில்லை, விலை அதற்கு இடம் கொடுக்காது. ஆனாலும் 250 குடும்பத்தில் ஒரு காரை வாங்க நினைக்கிறவர் முதலில் விசாரிப்பது இன்றைக்கும் ஜிடிஇயைத்தான், குடும்பத்தில் விலை குறைந்தவற்றில் ஒன்று அது என்பதால்.